முதல் புளிப்பு பீர் எது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் என் வேலையைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். பெல்ஜியத்தில், கென்ட் நகரத்தில், ஒரு பீர்க் கடையின் கல்லாவுக்குப் பின்னால் பதினோரு வருடமாக நிற்கிறேன் என்று. அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் முக்கால்வாசி புளிப்பு பீரைப் பற்றியவை. கடையில் எனக்கு மிகவும் பிடித்த அலமாரியும் அதுதான். அதனால் இந்த முறை பகுதி முழுவதும் அதற்கே. குடிக்கும் பழக்கம் இல்லாதவர்கள் இதைப் படித்துத் தொடங்க வேண்டாம் என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே குடிப்பவர்கள் கொஞ்சமாக, தெரிந்து, ருசித்துக் குடிக்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

அக்கா, நான் நெதர்லாந்தில் வேலை பார்க்கிறேன். சாதாரண பீர் எப்போதாவது குடிப்பேன். போன மாதம் அலுவலக நண்பர்கள் பிரஸ்ஸல்ஸ் கூட்டிப்போய் 'கெஸ்' என்ற புளிப்பு பீரைக் கையில் கொடுத்தார்கள். ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை. எல்லோரும் கொண்டாடுகிற ஒன்று எனக்கு மட்டும் பிடிக்காமல் போனது மனதில் உறுத்துகிறது. இன்னொரு முறை முயன்று பார்க்க ஆசை. எதிலிருந்து தொடங்கலாம்?
— வாசகர், ஐந்தோவன்

உங்களுக்கு நடந்ததுதான் எனக்கும் நடந்தது. இங்கே வந்த புதிதில் முதன்முதலில் என் கையில் கிடைத்த புளிப்பு பீரும் கெஸ்தான். பாட்டில் கெட்டுவிட்டது என்று நினைத்து, மூடி வைத்து, வாங்கிய இடத்துக்கே எடுத்துக்கொண்டு போனேன். அந்தக் கடைக்காரப் பெரியவர் ஒரு கிளாஸில் ஊற்றி மோந்து பார்த்தார். "நன்றாகத்தான் இருக்கிறது, நீதான் கடைசிப் பாடத்தை முதலில் எடுத்துவிட்டாய்" என்று சொல்லி வேறு ஒரு சின்ன பாட்டிலைத் திறந்தார். அன்றைக்கு அவர் திறந்ததைத்தான் இன்றைக்கு நான் புதிதாக வருகிறவர்கள் எல்லோருக்கும் எடுத்துக் கொடுக்கிறேன்: ரோடன்பாக் கிளாசிக்.

ஏன் அது என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். பெல்ஜியத்தின் மேற்கு ஃப்ளாண்டர்ஸில் ரூஸலார என்று ஓர் ஊர். 1821 முதல் ரோடன்பாக் குடும்பத்தின் பெயரோடு அங்கே பீர் காய்ச்சுகிறார்கள். உள்ளே போனால் ஆள் உயரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு உயரமான ஓக் மரத் தொட்டிகள் வரிசை வரிசையாக நிற்கும். மொத்தம் 294 தொட்டிகள். பெரியதில் 65,000 லிட்டர் பிடிக்கும். அந்த மரத்துக்குள் பீர் இரண்டு வருடம் கிடந்து புளிக்கிறது. அப்படிப் புளித்ததை அப்படியே பாட்டிலில் அடைத்தால் உங்களுக்கு மறுபடியும் ஒரு வாய்க்கு மேல் இறங்காது. கிளாசிக்கில் அந்தப் பழைய பீர் கால் பங்குதான். மீதி முக்கால் பங்கு புதிதாகக் காய்ச்சிய, மால்ட்டின் (முளைகட்டிக் காயவைத்த பார்லியின்) இனிப்பு இன்னும் மிச்சமிருக்கிற பீர். புளிப்பும் இனிப்பும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால், இரண்டாவது வாய்க்கு நாக்கு தானாகவே கேட்கும். முதல் புளிப்பு பீருக்கு நான் வைக்கிற ஒரே தேர்வு இதுதான். இரண்டாவது வாய் குடிக்கத் தோன்ற வேண்டும். எவ்வளவு பெயர் பெற்றது, எவ்வளவு அபூர்வம் என்பதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

25 சென்டிலிட்டர் பாட்டிலாக வாங்குங்கள். சாராய அளவு 5.2 சதவீதம், நீங்கள் வழக்கமாகக் குடிக்கும் பீர் அளவுதான். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து ஐந்து நிமிடம் வெளியே வைத்துவிட்டு, வாய் அகன்ற கிளாஸில் ஊற்றுங்கள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் மாதுளைத் தோலைக் காய்ச்சிய மாதிரி செம்பழுப்பு நிறம் தெரியும். உடனே குடிக்காமல் மோந்து பாருங்கள். இந்த ஊர்க்காரர்கள் செர்ரி என்பார்கள், பச்சை ஆப்பிள் என்பார்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் வருவது இலந்தை வடையின் வாசனை. பள்ளிக்கூட வாசலில் காகிதத்தில் ஒட்டிக்கொண்டு வருமே, அந்தப் புளிப்பும் வெல்லமும் கலந்த வாசனை. அதற்கு அடியில் லேசாக வினிகர், அதற்கும் அடியில் ஈரமான மரம். இலந்தை வடை தின்று வளர்ந்த நாக்கு இந்த பீரைப் பார்த்து மிரள வேண்டிய அவசியமே இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

முதல் வாயை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பீர் என்றால் கசப்பு என்று நாக்கு எதிர்பார்த்துக்கொண்டிருக்கும்போது புளிப்பு வந்து விழுந்தால் அது திடுக்கிடத்தான் செய்யும். மூன்றாவது வாயில்தான் நாக்கு அடங்கி உட்காரும். கல்லாவில் நின்று இதை நூற்றுக்கணக்கான முகங்களில் பார்த்திருக்கிறேன். முதல் வாய்க்குக் கண் சுருங்கும், இரண்டாவது வாய்க்குப் புருவம் உயரும், மூன்றாவதற்குப் பிறகுதான் பேச்சு வரும். கூடவே ஏதாவது சாப்பிடவும் வேண்டும். வெறும் வயிற்றில் வெறும் வாயில் புளிப்பு தூக்கலாகத் தெரியும். வறுத்த மீன், ஆட்டுப்பால் சீஸ், உருளைக்கிழங்கு வறுவல் எதுவானாலும் சரி.

அது பிடித்துப்போனால் அடுத்தது அதே ஆலையின் கிராண்ட் குரூ. அதில் பழைய பீர்தான் அதிகம், மூன்றில் இரண்டு பங்கு. 6 சதவீதம். கிளாசிக்கும் கிராண்ட் குரூவும் ஒரே மாலையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்த்தால், மரத்துக்குள் இருந்த அந்த இரண்டு வருடம் என்ன வேலை செய்திருக்கிறது என்பது யாரும் சொல்லாமலே விளங்கும். கடையில் ரோடன்பாக் இல்லாவிட்டால் டுஷெஸ் த பூர்கோன் கேளுங்கள். கையில் பறவையோடு ஒரு சீமாட்டியின் படம் லேபிளில் இருக்கும், தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். கொஞ்சம் கூடுதல் இனிப்பு, கொஞ்சம் கூடுதல் வினிகர். என் கணக்கில் அது இரண்டாம் இடம்தான், ஆனால் பலருக்கு அதுதான் முதல் காதல்.

அப்புறம் கெஸ். அதை விட்டுவிடாதீர்கள். இதையெல்லாம் தாண்டி ஒரு மாதமோ இரண்டு மாதமோ கழித்து பூன் ஆலையின் அவுடெ கெஸ் ஒரு பாட்டில் வாங்குங்கள். கெஸ் வகையிலேயே அது வட்டமான, கூர்மை குறைந்த ருசி. பிரஸ்ஸல்ஸில் உங்களை மிரட்டியது எதுவாக இருந்தாலும் அதற்கு அப்போது மறுபடி போய்ப் பாருங்கள். உங்கள் நண்பர்கள் ஆசையோடுதான் கொடுத்திருக்கிறார்கள். தாங்கள் எத்தனை படி ஏறி அங்கே போய்ச் சேர்ந்தோம் என்பது அவர்களுக்கு மறந்திருக்கும்.

பீர் புளித்தால் அது கெட்டுப்போய்விட்டது என்றுதானே அர்த்தம்? கெட்டுப்போனதற்கு நல்ல பெயர் வைத்து விற்கிறார்களோ என்று சந்தேகமாக இருக்கிறது.
— வாசகர், திருச்சி

நியாயமான சந்தேகம். பால் தானாகத் திரிந்தால் கொட்டிவிடுகிறோம். அதே பாலில் உறை ஊற்றித் தயிராக்கினால் சாப்பிடுகிறோம். வித்தியாசம், எந்தக் கிருமி, எவ்வளவு நேரம், யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதில்தான். புளிப்பு பீரில் வேலை செய்கிற முக்கியமான பாக்டீரியாக்களில் ஒன்று லாக்டோபேசிலஸ். தயிரைப் புளிக்க வைப்பதும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். அது உண்டாக்குவது லாக்டிக் அமிலம், மோரின் புளிப்பு. வினிகரின் புளிப்பு அசிட்டிக் அமிலம். அது பீரில் ஒரு துளி இருந்தால் அழகு, கூடிவிட்டால் உண்மையிலேயே கெட்டதுதான். அப்படி ஒரு பாட்டில் வந்தால் கெட்டது என்று சொல்லித் திருப்பிக் கொடுங்கள், தயங்க வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது. புளிக்காத பீர்தான் இயல்பு என்பதே கொஞ்ச காலத்துப் பழக்கம். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் ஹான்சன் ஒரே வகை ஈஸ்டைத் தனியாகப் பிரித்து வளர்த்துக் காட்டியது 1883-இல். அதற்கு முன்னால் மரப்பீப்பாயில் மாதக்கணக்கில் வைத்த பீரில் பல, கொஞ்சமாவது புளித்துத்தான் இருந்தன. கார்ல்ஸ்பெர்க்கைச் சேர்ந்த கிளாசன், இங்கிலாந்தின் பழைய பீர்களுக்கு அந்தத் தனி மணத்தைக் கொடுப்பது வேறொரு காட்டு ஈஸ்ட் என்று கண்டு 1904-இல் அதற்குப் பிரெட்டனோமைசிஸ் என்று பெயர் வைத்தார். பிரிட்டன் பூஞ்சை என்று பொருள். கெஸ் பாட்டிலைத் திறந்ததும் மழையில் நனைந்த வைக்கோல், மாட்டுத் தொழுவம், பம்பளிமாஸ் தோல் என்று கலந்து வருமே, அதில் பெரும்பங்கு இந்த ஈஸ்டின் வேலைதான்.

நேரில் பார்த்தால் சந்தேகம் சுத்தமாகத் தீர்ந்துவிடும். பிரஸ்ஸல்ஸ் மிடி ரயில் நிலையத்திலிருந்து கால் மணி நேரம் நடந்தால் ஆண்டர்லெக்ட் பகுதியில் காந்தியோன் ஆலை வந்துவிடும். 1900-இல் தொடங்கியது, 1978 முதல் அருங்காட்சியகமாகவும் திறந்து வைத்திருக்கிறார்கள். மரப்படி ஏறிக் கூரைக்கு அடியில் போனால் தாம்பாளம் மாதிரி ஆழமே இல்லாத ஒரு பெரிய செம்புத் தொட்டி. காய்ச்சி வடித்த மால்ட் சாற்றைக் கொதிக்கக் கொதிக்க அதில் ஊற்றி, பக்கவாட்டுப் பலகைகளைத் திறந்து வைத்துவிட்டு ராத்திரி முழுவதும் ஆற விடுகிறார்கள். ஈஸ்ட் என்று எதையும் யாரும் போடுவதில்லை. இரவுக் காற்றிலும் கட்டடத்தின் மரத்திலும் பீப்பாயிலும் இருப்பவைதான் உள்ளே போய் வேலை செய்கின்றன. இப்படிச் செய்கிற பீருக்கு லாம்பிக் என்று பெயர். இரவில் குளிர் வேண்டும் என்பதால் ஏறக்குறைய அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரைதான் காய்ச்சுவார்கள். 2015 நவம்பரில் இரவுகள் குளிராமல் போனதால் காந்தியோனில் காய்ச்சுவதையே சில நாள் நிறுத்தி வைத்தார்கள்.

நான் அங்கே முதன்முறை போனது ஒரு ஜனவரி காலை. முந்தின இரவு காய்ச்சியிருந்தார்கள். மேல்மாடியில் ஆவியின் ஈரம் இன்னும் உத்தரத்தில் முத்து முத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கஞ்சி வடித்த அடுக்களை மாதிரி வாசனை. கீழே பீப்பாய்களுக்கு நடுவே சிலந்தி வலைகள். யாரும் அவற்றைத் துடைப்பதில்லை, பழ ஈக்களைச் சிலந்திகள் பார்த்துக்கொள்கின்றன. ஒரு பீப்பாயின் மேல் துளையிலிருந்து பழுப்பு நுரை வழிந்து காய்ந்து பொருக்காக ஒட்டியிருந்தது. அந்தப் பீப்பாயில் இருப்பது மூன்று வருடம்கூடக் கிடக்கும். பிறகு ஒரு வருடத்தது, இரண்டு வருடத்தது, மூன்று வருடத்தது மூன்றையும் ருசி பார்த்துக் கலந்து பாட்டிலில் அடைத்தால், இளசில் மிச்சமிருக்கும் சர்க்கரை பாட்டிலுக்குள்ளேயே மறுபடி நொதித்து நுரை கட்டும். அதுதான் கெஸ். மூன்று வருடம் காத்திருந்து ஒருவர் கலந்து தருவதைக் கெட்டுப்போனது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

லைப்சிக்கில் படிக்கிறேன். இங்கே எல்லோரும் 'கோஸ' குடிக்கச் சொல்கிறார்கள். நீங்கள் சொல்லும் கெஸ்ஸும் இதுவும் ஒன்றா? கடையில் கேட்கும்போது குழப்பமாக இருக்கிறது.
— மாணவர், லைப்சிக்

இரண்டும் வேறு வேறு. இந்தக் குழப்பத்தால் தப்பான பாட்டிலோடு வீட்டுக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். உச்சரிப்பை நம்ப வேண்டாம், எழுத்தைப் பாருங்கள். ஜி, ஓ, எஸ், இ என்று நான்கே எழுத்து இருந்தால் கோஸ, ஜெர்மனியுடையது. நடுவில் யூவும் கடைசியில் இசட் இ-யும் வந்தால் கெஸ், பெல்ஜியத்துடையது.

நீங்கள் இருக்கும் ஊர் உங்களுக்குப் பெரிய வரம். கோஸவின் பெயர் கோஸ்லார் என்ற ஊரிலிருந்து வந்தது, ஆனால் அதை வளர்த்தெடுத்தது லைப்சிக். கோதுமையும் பார்லியும் சேர்த்துக் காய்ச்சி, லாக்டிக் புளிப்பு ஏற்றி, கொத்தமல்லி விதையும் உப்பும் போடுவார்கள். ஆமாம், உப்பு. நம் ஊர்ப் பெட்டிக்கடையில் உப்பு போட்ட எலுமிச்சை சோடா குடித்திருக்கிறீர்கள் இல்லையா? அது பழகியவர்களுக்கு நான் ரோடன்பாக்கைக் கூட ஒதுக்கி வைத்துவிட்டு கோஸவைத்தான் முதலில் கொடுப்பேன். சாராய அளவும் 4.5 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். கொத்தமல்லி வாசனை தூக்கலாக வராது, வாயின் பின்பக்கம் லேசாக வந்து போகும்.

இந்த பீர் ஒரு காலத்தில் காணாமலே போய்விட்டது. 1966-இல் லைப்சிக்கில் காய்ச்சுவது நின்றது. 1980-களில் லோதார் கோல்ட்ஹான் என்பவர் கோலிஸ் பகுதியில் இருந்த ஓனெ பெடெங்கன் என்ற பழைய கோஸ விடுதியை எடுத்து, பழைய ருசி நாக்கில் நிற்கிற பெரியவர்களைக் கேட்டுக் கேட்டு அதை மறுபடி காய்ச்ச வைத்தார். விடுதி 1986-இல் திறந்தது, இன்றும் இருக்கிறது. அங்கே போய்த் தோட்டத்தில் உட்கார்ந்து முதல் கிளாஸைக் குடியுங்கள். பிறகு பயரிஷர் பான்ஹோஃப் என்ற பழைய ரயில் நிலையக் கட்டடத்துக்குள்ளேயே இருக்கும் ஆலையில் இன்னொன்று. பயணம் போகாமலே முதல் புளிப்பு பீரை அது வளர்ந்த ஊரில் குடிக்கிற வாய்ப்பு உங்களுக்கு இருக்கிறது. டின்னில் வருகிற மாம்பழ கோஸ, தர்பூசணி கோஸவையெல்லாம் அதற்கப்புறம் பார்க்கலாம்.

பெர்லினில் சிவப்பும் பச்சையுமாக ஸ்ட்ரா போட்டுக் கொடுக்கிறார்களே, அது புளிப்பு பீரா சர்பத்தா?
— வாசகர், பெர்லின்

பெர்லினர் வைஸ. உள்ளே இருப்பது 3 சதவீதம் சுமாருக்கு இருக்கும், மோர் மாதிரி புளிக்கும் கோதுமை பீர். சிவப்பு ராஸ்பெர்ரி சிரப், பச்சை வால்ட்மைஸ்டர் என்ற செடியின் சிரப். முதலில் சிரப் இல்லாமல் ஒரு வாய், பிறகு சிரப் ஊற்றி ஒரு வாய் என்று குடித்துப் பாருங்கள். சாராயம் குறைவு என்பதால் தொடங்குவதற்கு நல்லதுதான்.

செர்ரி போட்ட கிரீக் பீர் வாங்கினோம். என் மனைவிக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் புளிப்பே இல்லையே, ஜூஸ் மாதிரி இனித்தது! புளிப்பு பீர் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.
— வாசகர், பாரிஸ்

லாம்பிக்கில் புளிப்புச் செர்ரியை ஊறப் போட்டால் கிரீக். நீங்கள் வாங்கியது இனிப்புச் சேர்த்த வகை. லிண்டெமன்ஸ் கிரீக் மாதிரி 3.5 சதவீதத்தில் வருவது அந்த வகைதான். அதிலும் லாம்பிக் உண்டு, ஆனால் செர்ரிச் சாறும் இனிப்பும் முன்னால் வந்து நின்றுகொள்கின்றன. உங்கள் மனைவிக்குப் பிடித்திருக்கிறது என்றால் தாராளமாகக் குடிக்கட்டும், அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் புளிப்பு பீர் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்வதற்காக வாங்கினீர்கள் என்றால், அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை.

லேபிளில் ஒரு சொல்லைத் தேடுங்கள். ஓ, யூ, டி, இ. அவுடெ என்று படிக்க வேண்டும், ஃப்ளெமிஷ் மொழியில் 'பழைய' என்று அர்த்தம். அவுடெ கிரீக், அவுடெ கெஸ் என்ற பெயர்களுக்கு 1997 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்பு உண்டு. பழைய முறைப்படி செய்து, பாட்டிலில் மறுபடி நொதிக்க விட்டால்தான் அந்தச் சொல்லைப் போடலாம். அவுடெ கெஸ் என்றால் கலவையில் குறைந்தது மூன்று வருடத்து லாம்பிக் இருந்தாக வேண்டும். காந்தியோன் மாதிரி சிலர் அந்தச் சொல்லைப் போடாமல் நூறு சதவீதம் லாம்பிக் என்று எழுதுவார்கள், அதுவும் அதே தரம்தான். அவர்கள் கிரீக்கில் ஒரு லிட்டருக்கு 200 கிராம் செர்ரி போடுகிறார்கள். கொட்டையோடு போடுவதால் கடைசியில் பாதாம் பருப்பு வாசனை லேசாக வரும். இனிப்பு கிரீக்கிலிருந்து நேரே அதற்குத் தாவினால் உங்கள் மனைவிக்கு அதிர்ச்சியாக இருக்கும். நடுவில் ரோடன்பாக்கின் அலெக்சாந்தர் ஒன்று வாங்கிக் கொடுங்கள். அதிலும் செர்ரி உண்டு, புளிப்பும் உண்டு, இரண்டும் சண்டை போடாது.

ஆன்லைனில் வாங்கலாமா? வீட்டில் எப்படி வைப்பது?
— வாசகர், லண்டன்

வாங்கலாம், ஆனால் முதல் பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்குவது நல்லது. வேறொரு ஊரில் ஒரு கடையில் அருமையான கெஸ் பாட்டில்களை அழகுக்காகக் கண்ணாடி ஜன்னலில் அடுக்கி வைத்திருந்தார்கள். விலை குறைவாக இருக்கிறதே என்று இரண்டு வாங்கினேன். வீட்டில் திறந்தால் இரண்டிலும் கருகின ரப்பர் மாதிரி நாற்றம். ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு கொடுக்கிற பூ) போட்ட பீரின் மேல் வெயில் பட்டால் அப்படித்தான் ஆகும், பச்சைக் கண்ணாடி அதைத் தடுக்காது. அன்றிலிருந்து ஜன்னலில் நிற்கும் பாட்டிலை நான் தொடுவதே இல்லை. இருட்டான அடி அலமாரியில் தூசி படிந்து கிடப்பதைக் கேட்டு வாங்குவேன்.

தக்கை போட்ட கெஸ் பாட்டிலை வீட்டில் இருட்டான, சூடில்லாத இடத்தில் வைத்தால் வருடக்கணக்கில் இருக்கும். திறப்பதற்கு முந்தின நாள் நிமிர்த்தி வைத்தால் வண்டல் அடியில் இறங்கிவிடும். மெதுவாக, ஒரே சாய்வில் ஊற்றி, கடைசி ஒரு விரல்கடை அளவைப் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள். பழக்கூழ் கெட்டியாகக் கலந்து டின்னில் வருகிறதே, அந்தப் புதுவகைப் புளிப்பு பீருக்கு இது பொருந்தாது. அதில் மிச்சமிருக்கும் பழச் சர்க்கரை மறுபடி நொதித்தால் டின் உப்பி வெடித்துவிடும். வாங்கினதிலிருந்து ஃபிரிட்ஜிலேயே வைத்து, சீக்கிரம் குடித்துவிட வேண்டும்.

எனக்கு அல்சர் உண்டு. புளிப்பு பீர் ஒத்துக்கொள்ளுமா?
— வாசகர், கோவை

வேண்டாம். சாதாரண பீரைவிட இதில் அமிலம் பல மடங்கு கூடுதல், அதோடு சாராயமும் சேர்கிறது. நெஞ்செரிச்சல் அடிக்கடி வருகிறவர்களுக்கும் இதே பதில்தான்.

நான் பிரஸ்ஸல்ஸில் இருக்கிறேன். அப்பா வடமராட்சியில். பின்னேரத்தில் பிளாவில் பனங்கள்ளு குடித்துப் பழகின மனுசன், பியர் என்றால் கசக்குது என்று தள்ளிவிடுவார். வாற மாசம் ஊருக்குப் போகிறேன். அவருக்கு ஒரு போத்தல் புளிப்பு பியர் கொண்டு போக விருப்பம். ரோடன்பாக் சரிவருமோ அக்கா?
— வாசகர், பிரஸ்ஸல்ஸ்

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மேலே ஐந்தோவன் வாசகருக்குச் சொன்ன வரிசை உங்கள் அப்பாவுக்கு வேண்டாம். அவருக்கு நேரே கெஸ் கொண்டு போங்கள்.

காரணம் இருக்கிறது. முட்டியில் இறங்கும் பனஞ்சாற்றில் யாரும் ஈஸ்ட் போடுவதில்லை. முட்டியிலும் காற்றிலும் பாளையிலும் இருப்பவை தாமாக வந்து நொதிக்க வைக்கின்றன. நேரம் போகப் போக லாக்டிக் புளிப்பும், பிறகு வினிகர்ப் புளிப்பும் ஏறும். காலையில் இறக்கின கள்ளுக்கும் பின்னேரத்துக் கள்ளுக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் அப்பாவுக்கு நாக்கு நுனியில் இருக்கும். செம்புத் தொட்டியைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருக்கும் லாம்பிக்காரர்கள் நம்பியிருப்பதும் இதே காற்றையும் மரத்தையும்தான். கள்ளு ஒரே நாளில் ஓடி முடிக்கிற தூரத்தை லாம்பிக் மூன்று வருடத்தில் மெதுவாக நடக்கிறது. கெஸ்ஸில் கசப்பும் மிகக் குறைவு. பழைய, காய்ந்து கசப்பு இறங்கின ஹாப்ஸைத்தான் லாம்பிக்குக்குப் போடுகிறார்கள். அதனால் பீர் கசக்குது என்ற அவருடைய புகாருக்கும் இடமிருக்காது.

பூன் அவுடெ கெஸ் 37.5 சென்டிலிட்டர் போத்தல் ஒன்று போதும். அது 7 சதவீதம், பனங்கள்ளைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கலாம், அதனால் இரண்டு பேரும் பகிர்ந்து குடியுங்கள். போத்தலைத் தடித்த சாரத்தில் (கைலியில்) சுற்றி, பெட்டியின் நடுவில், உடுப்புகளுக்கு உள்ளே வையுங்கள். கைப்பையில் விட மாட்டார்கள். ஊருக்குப் போன அன்றைக்கே திறக்க வேண்டாம். விமானத்தில் குலுங்கின வண்டல் அடங்க மூன்று நாளாவது நிமிர்த்தி வைத்து, பிறகு ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். கிளாஸ் வேண்டுமா பிளா வேண்டுமா என்று அவரையே கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.